மார்னரும் போயாச்சு: டூபஸின் கணக்கு எங்கே பிழைத்தது?

மார்க்கம் வீதி:
2025 கோடை: ஹொக்கி நட்சத்திரம் மிட்ச் மார்னர் ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸை விட்டு வேகாஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். எட்டு வருடம், வருடத்துக்கு 12 மில்லியன் டொலர். கைமாறாக மேப்பிள் லீவ்ஸுக்கு வந்தது நிக்கொலா ருவா ஒருவர்தான். 2024-25 சீசனில் 102 புள்ளி (கோலும் கோலுக்கு உதவியும் சேர்த்து) எடுத்தவரைக் கொடுத்துவிட்டு, மூன்றாவது லைனுக்கு (முறை வைத்து இறங்கும் முன்வரிசைக் கூட்டு) ஒரு சென்டரை, அதாவது நடு ஆட்டக்காரரை, வாங்கியிருக்கிறோம். வாட்ஸப் குழுக்களில், 2023இல் ஜி.எம்.ஆக (ஆட்டக்காரரை வாங்கி விற்கும் பொது மேலாளர்) வந்த பிராட் ட்ரெலிவிங்குக்குத்தான் ஏச்சு விழுகிறது. எனக்கென்னவோ அந்த ஏச்சு விலாசம் மாறிப் போவதாகப் படுகிறது. ஏச்சு போக வேண்டியது அவருக்கு முன் ஜி.எம்.ஆக இருந்து 2023இல் பிட்ஸ்பர்க் போனவருக்கு: கைல் டூபஸ்.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 2018 மே மாதம், முந்தைய ஜி.எம். லூ லமொரெல்லோவின் நாற்காலிக்கு 32 வயதில் டூபஸ் வந்தார். 2019 செப்டெம்பருக்குள் நாலு கையெழுத்து. ஜோன் டவாரஸுக்கு வருடத்துக்கு 11 மில்லியன். வில்லியம் நீலாண்டருக்கு, இரண்டாவது சீசனிலிருந்து, ஏறத்தாழ 6.96. ஒஸ்டன் மத்யூஸுக்கு 11.634. மார்னருக்கு 10.893. கூட்டினால் 40.5 மில்லியனுக்குக் கிட்ட வருகிறது. ஒரு அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு அப்போது 81.5 மில்லியன். 23 பேர் கொண்ட அணியில் நாலு பேர் பாதிப் பானையை வழித்துக்கொண்டு போனால், மற்றப் பத்தொன்பது பேருக்கும் அடிச்சோறுதான்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1993 குளிரில். அந்த வருடம் எங்கள் கில்மோரின் நாடியில் எதிரணி கிரெட்ஸ்கியின் மட்டை பட்டும் நடுவர் விசில் ஊதவில்லை. அதிலிருந்து அழுகிறேன். அதைக்கூட மன்னித்துவிட்டேன், இந்த நாலு கையெழுத்தை மன்னிக்க முடியவில்லை.

எண்சாத்திரி:
அண்ணை, கூட்டல் சரி. ஆனால் 81.5 டூபஸ் நம்பிப் போட்ட எண் இல்லை. 2020 மார்ச் தொடக்கத்தில் லீக் எல்லா ஜி.எம்.களையும் கூப்பிட்டு, அடுத்த சீசன் உச்சவரம்பு 84க்கும் 88.2க்கும் இடையில் இருக்கும் என்று சொன்னது. ஒரு வாரம் கழித்து கொரோனா. விளையாட்டு நின்றது, அரங்கு காலி, வருமானம் இல்லை. உச்சவரம்பு 81.5இலேயே மூன்று சீசன் உறைந்து கிடந்தது. அப்புறம் 82.5, அதன் பிறகு 83.5. 95.5ஐத் தொட்டது 2025இல்தான்.

88.2 வந்திருந்தால் அதே நாலு பேரும் எடுத்தது 46 வீதம். மேலே 6.7 மில்லியன் மிஞ்சியிருக்கும். அது முதல் ஜோடி டிஃபென்ஸ்மன் ஒருவரின் சம்பளம். வீட்டுக் கடன் எடுக்கும்போது வட்டி 2 வீதம், வீடு வாங்கிய அடுத்த மாதம் உலகமே படுத்துவிட்டால் வாங்கியவன் முட்டாளா?

மார்க்கம் வீதி:
வட்டி ஏறாது என்று நம்பித் தலைக்கு மேல் கடன் எடுத்தவன் முட்டாள்தான் தம்பி. பிராம்ப்டன் பக்கம் வந்து பாருங்கள், எத்தனை பேர் வீடு விற்றுவிட்டுப் பேஸ்மென்டில் இருக்கிறார்கள் என்று.

கொரோனா ரொறன்ரோவுக்கு மட்டும் வரவில்லை. அதே 81.5க்குள் டாம்பா 2020இலும் 2021இலும் அடுத்தடுத்துக் கோப்பை தூக்கியது. அவர்களுடைய பிரேடன் பொயின்ட் 2019இல் கையெழுத்து வைத்தது 6.75க்கு.

எண்சாத்திரி:
டாம்பாவை இழுக்காதீர்கள். புளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. ஒன்ராறியோவில் அந்தச் சம்பளத்துக்குப் பாதிக்கு மேல் வரி. அதோடு 2021இல் கூச்சரோவின் 9.5 மில்லியனைச் சீசன் முழுக்கக் காயப் பட்டியலில் போட்டுவைத்தார்கள் (அந்த அளவுக்கு உச்சவரம்பைத் தாண்டலாம்), பிளேஆஃப் (கோப்பைக்கான சுற்றுகள்) முதல் ஆட்டத்தன்று அவர் எழும்பி வந்தார். அப்போது பிளேஆஃபில் உச்சவரம்பு இருக்கவில்லை. வென்ற பிறகு அவர் போட்ட டீசேர்ட்டில் '18 மில்லியன் கூட' என்று அச்சடித்திருந்ததே, நினைவிருக்கிறதோ?

மார்க்கம் வீதி:
சரி, டாம்பா வேண்டாம். கொலராடோ? அங்கே மாநில வரி இருக்கிறது. மிக்கோ ரன்டனன், மார்னர் கையெழுத்து வைத்த அதே 2019 செப்டெம்பரில், அதே ஆறு வருடத்துக்கு, வருடத்துக்கு 9.25க்கு ஒத்துக்கொண்டார். அதற்கு முந்தைய சீசனில் மார்னர் 94 புள்ளி, ரன்டனன் 87. ஆனால் கோல் ரன்டனன் 31, மார்னர் 26. ஏழு புள்ளிக்கு வருடத்துக்கு 1.64 மில்லியன் கூடக் கொடுத்தார் உங்கள் ஆள். ஆறு வருடம்!

ஹாப்ஸ் ரசிகை:
மொன்றியலிலிருந்து, ஹாப்ஸ் என்கிற மொன்றியல் அணியின் ஊரிலிருந்து வணக்கம். நாங்களும் அந்தக் கோடையில் ஒரு வேலை பார்த்தோம். கரோலைனாவின் செபஸ்டியன் ஆஹோவுக்கு வருடத்துக்கு 8.454 மில்லியன் என்று கடிதம் நீட்டினோம். அவர்கள் அதே தொகையைக் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். எங்களைப் பார்த்து ஊரே சிரித்தது. இப்போது யோசித்தால் சந்தையில் நியாயமான விலை சொன்னது நாங்கள்தான். :)

2021 பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பிளேஆஃபில் எங்களோடு நீங்கள் 3-1 முன்னால் நின்று தொடரையே தோற்றதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்க்கம் வீதி:
சொல்லிவிட்டீர்களே தங்கச்சி.

மிசிசாகா மாணிக்கம்:
நான் 2016ல் திருச்சியிலிருந்து வந்தவன், உங்கள் அளவுக்கு அழுத அனுபவம் இல்லை. என் பார்வையில் தொகையை விட வரிசைதான் தப்பு.

ஐபிஎல் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஏலத்துக்கு முன்னால் உன் பையன்களை ரீடெய்ன் பண்ணு, மிச்சப் பணத்தோடு ஏலத்துக்குப் போ. டூபஸ் தலைகீழாகச் செய்தார். 2018 ஜூலை 1ஆம் தேதி முதலில் வெளியிலிருந்து டவாரஸ். நீலாண்டருக்கு அன்றைக்கே ஒப்பந்தம் முடிந்திருந்தது, மத்யூஸுக்கும் மார்னருக்கும் ஒரு வருடம்தான் மிச்சம். வெளியாளுக்கு 11 என்று நீங்களே விலைச்சீட்டு ஒட்டிவிட்டால், உள்ளே இருக்கும் பையனின் ஏஜென்ட் 8க்கு உட்காருவாரா? மத்யூஸ் டவாரஸை விட நல்ல ஆட்டக்காரர் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்போது மத்யூஸ் விலை 11க்கு மேலே. மார்னர் தன்னை மத்யூஸோடு ஒப்பிடுவார். கோடு அங்கே போட்டாச்சு.

அதிலும் டூபஸ் மைக் முன்னால் உட்கார்ந்து, மூன்று பேரையும் வைத்துக்கொள்ள முடியும், வைத்துக்கொள்வோம் என்று வேறு சொன்னார். பேரம் பேசப் போகிறவன் கடை வாசலிலேயே 'இந்தப் புடவையை வாங்காமல் வீட்டுக்குப் போக மாட்டேன்' என்று கத்தலாமா?

எண்சாத்திரி:
மாணிக்கம், ஐபிஎல் ஒப்பீடு பாதிதான் பொருந்தும். டவாரஸ் அந்த ஜூலை மட்டும்தான் சந்தையில் இருந்தார். வரிசையை மாற்றியிருந்தால் அவர் கிடைத்திருக்க மாட்டார். மூத்த சென்டர், மிசிசாகாவில் பிறந்து ஓக்வில்லில் வளர்ந்தவர், சின்னப் பிள்ளையாக லீவ்ஸ் போர்வைக்குள் படுத்திருக்கும் படத்தை அன்று போட்டாரே. சான் ஹொசே அதைவிடக் கூடக் கொடுக்கத் தயார் என்றுதான் அப்போது செய்தி. குறைத்துக்கொண்டு ஊருக்கு வந்த ஆளை வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்களா?

மிசிசாகா மாணிக்கம்:
என் ஊர்க்காரர் என்பதால் அந்த இடத்தில் கொஞ்சம் அடங்குகிறேன். ஆனாலும் வரிசை தப்புதான்.

பனிச்சப்பாத்து:
நீலாண்டர் கதையை விட்டுவிட்டீர்கள். 2018 டிசெம்பர் 1, சனிக்கிழமை. பின்னேரம் 5 மணிக்குள் கையெழுத்து இல்லை என்றால் அந்த சீசன் முழுக்க அவர் ஆட முடியாது. அன்று என் மகனுக்கு ஆட்டம், ஏழு வயது. ஸ்காபரோவில் பழைய ரிங்க், இருக்கைகள் ஐஸைவிடக் குளிர். வெளியே இயந்திரத்தில் வாங்கிய ஹொட் சொக்லெட் கையில் ஆறுகிறது. பெற்றோர் ஒருவரும் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, எல்லார் முகத்திலும் போன் வெளிச்சம். 4.50, 4.55. பக்கத்தில் இருந்த தகப்பன் ஒருவர் திடீரென்று எழும்பிக் கைதட்டினார். ஐஸில் நின்ற பிள்ளைகள் தங்களுக்குத்தான் என்று நினைத்து மட்டையைத் தூக்கிக் காட்டினார்கள். யாரும் கோல் போடவில்லை.

ஆறு வருடம், 45 மில்லியன். அன்றைக்குப் பார்க்கிங்கில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: கூடிப்போச்சு.

மார்க்கம் வீதி:
கூடிப்போச்சுதானே. 28 ஆட்டம் போனது. வந்த பிறகு 54 ஆட்டத்தில் 7 கோல். அதையும் பார்த்துவிட்டுத்தான் மார்னரின் ஆட்கள், கடைசி நிமிடம் வரை இழுத்தால் இந்த ஜி.எம். இறங்குவார் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

நான் உண்மையில் கொதிப்பது இவை ஒன்றுக்கும் இல்லை. காட்ரி. நாசெம் காட்ரி.

2019 ஜூலை 1. லண்டன் ஒன்ராறியோவில் லெபனான் குடும்பத்துப் பிள்ளை. 2009இல் நாங்கள் டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரரை அணிகள் முறை வைத்துத் தெரிவு செய்வது) எடுத்து வளர்த்தவர். சம்பளம் 4.5 மில்லியன், 2022 வரை. இரண்டாவது, மூன்றாவது லைன் சென்டருக்கு அந்த விலை இனிக் கிடைக்காது. அவரைக் கொலராடோவுக்குக் கொடுத்து டைசன் பாரி, அலெக்சாண்டர் கெர்ஃபுட் இருவரையும் வாங்கினார். பாரி ஒரு சீசன் ஆடிவிட்டு எட்மன்ரன் போனார். காட்ரி 2022 இறுதிப் போட்டியில், பெருவிரல் முறிந்து அறுவைச் சிகிச்சை முடித்து வந்து, நாலாவது ஆட்டத்தில் ஓவர்டைம் கோல் போட்டார். கோப்பையை லண்டன் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனார். நான் சைவக்காரன், ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்கினேன். எங்கள் பிள்ளை, வேறு அணியின் உடுப்போடு.

எண்சாத்திரி:
அண்ணை, காட்ரியில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. ஆனால் கோபத்தில் பாதியை மறக்கிறீர்கள். 2018இல் பொஸ்டனோடு பிளேஆஃபில் மூன்று ஆட்டத் தடை. 2019இல் அதே பொஸ்டன், இரண்டாவது ஆட்டம், அவர்களுடைய டிபிரஸ்கின் முகத்துக்கு மட்டையால் அடித்து மிச்சத் தொடர் முழுக்க வெளியே. இரண்டு வருடமும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றோம். கொலராடோ போன பிறகும் 2021இல் எட்டு ஆட்டத் தடை வாங்கினார், அந்த வருடம் அவர்களும் வெளியேறினார்கள். அன்றைக்கு ரொறன்ரோவில் அவரை அனுப்பு என்று கத்தியவர்களில் நீங்களும் இருந்திருப்பீர்கள்.

இன்னொன்று. டூபஸ் முதலில் அவரைக் கால்கரிக்கு அனுப்பத்தான் பார்த்தார், பதிலுக்கு டி.ஜே. பிரோடி என்று செய்தி. காட்ரி தன் ஒப்பந்த உரிமையைப் பாவித்து மறுத்துவிட்டார். அதன் பிறகுதான் கொலராடோ. வேடிக்கை என்னவென்றால் பிரோடி 2020இல் ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்டாக எங்களிடமே வந்தார், காட்ரி 2022இல் கால்கரிக்கே போனார், கால்கரியில் அவரை எடுத்த ஜி.எம். ட்ரெலிவிங்.

மார்க்கம் வீதி:
கத்தினேன். ஒத்துக்கொள்கிறேன். ரசிகன் கத்துவான். கத்துவதைக் கேட்டு ட்ரேட் பண்ணாமல் இருக்கத்தானே ஜி.எம்.முக்குச் சம்பளம்?

மிசிசாகா மாணிக்கம்:
இந்த வரியை ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டும்.

ஹாப்ஸ் ரசிகை:
காட்ரிக்கு அழுபவர்கள் மார்லோவை மறந்துவிட்டீர்களே. அதுதான் பெரிய களவு. எங்களுக்குப் பக்கத்திலிருந்து பார்க்க மிகவும் இனிமையாக இருந்தது.

எண்சாத்திரி:
அதை லமொரெல்லோவின் கணக்கில் எழுதுங்கள் அக்கா. 37 வயது பற்ரிக் மார்லோவுக்கு மூன்று வருடம், வருடத்துக்கு 6.25 மில்லியன் என்று 2017இல் கொடுத்தது லூ. 35 தாண்டியவரின் ஒப்பந்தம் என்பதால் காசு கொடுத்து முறித்துவிட்டாலும் உச்சவரம்புக் கணக்கிலிருந்து இறங்காது. மார்னருக்கு இடம் வேண்டும். அதனால் 2019 ஜூனில் மார்லோவைச் சுமக்கும் கூலியாக 2020 டிராஃப்டின் முதல் சுற்றுத் தெரிவையும் சேர்த்துக் கரோலைனாவுக்குக் கொடுத்தார். அவர்கள் மார்லோவைப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு, 13ஆவது இடத்தில் செத் ஜார்விஸை எடுத்தார்கள்.

மார்க்கம் வீதி:
ஜார்விஸ்! 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும் முப்பது கோலுக்கு மேல் போட்ட பையன். சரி, மார்லோ ஒப்பந்தம் லூவின் குற்றம், அதை டூபஸின் தலையில் கட்டமாட்டேன். ஆனால் கூலி பேசியது யார்? ஒரு வருடச் சுமையைத் தூக்க முதல் சுற்றுத் தெரிவு. அதுவும் எந்த இடம் வரும் என்று தெரியாத அடுத்த வருடத் தெரிவு.

ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதிப் பாருங்கள். 2019 தெரிவு டிஃபென்ஸ்மன் ஜேக் மஸினுக்குப் போனது. 2020 மார்லோவோடு. 2021 நிக் ஃபொலிஞோவுக்கு. அவர் முதுகு வலியோடு வந்து ஒரு கோலும் போடாமல் போனார். 2022இல் கோலி பீட்டர் மிராஸெக்கைச் சிக்காகோவுக்குத் தள்ள டிராஃப்டில் 25ஆவது இடத்தை 38ஆக இறக்கிக்கொண்டார், அந்த மிராஸெக்குக்கு மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தது ஒரு வருடம் முன்பு அவரேதான். உயர்ந்த சம்பளக்காரர் நாலு பேர் இருக்கும் அணிக்கு மலிவான இளம் பிள்ளைகள்தான் உயிர். நாற்றுமேடையை விற்று உழவுமாட்டுக்குத் தீன் போட்டார்.

பனிச்சப்பாத்து:
2020இல் எங்கள் ஆட்டக்காரர் கபானனைப் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்து ஒரு முதல் சுற்றுத் தெரிவு எடுத்தாரே. அதில் வந்தவர்தான் ரோடியன் அமிரோவ். மூளைக் கட்டி, 2023 ஆகஸ்டில் 21 வயதில் போய்விட்டார். அதை எந்த ஜி.எம்.இன் கணக்கிலும் எழுத வேண்டாம்.

எண்சாத்திரி:
நன்றி அக்கா. எழுதமாட்டோம்.

சரி, நானும் கொஞ்சம் நல்லதைச் சொல்கிறேன், கேட்க ஆள் இருந்தால். மைக்கல் பன்டிங், ஸ்காபரோப் பிள்ளை, வருடத்துக்கு 950 ஆயிரம் டொலர். NHL என்கிற இந்த லீக்கில் அது சில்லறைக் காசு. 2021-22இல் 23 கோல், சிறந்த புதுமுகத்துக்கான இறுதி மூவரில் ஒருவர். வெய்ன் சிம்மன்ஸ், இன்னொரு ஸ்காபரோ. மஸின் வந்த முதல் இரண்டு வருடம் எங்களுடைய ஒரே உண்மையான டிஃபென்ஸ்மன். 2021-22இல் அணிக்கு 115 புள்ளி, கழக வரலாற்றில் அதுவரை இல்லாதது. அடுத்த வருடம் 111.

கடைசி வருடம் பாருங்கள். 2023 பெப்ரவரியில் ரயன் ஓ'ரைலி, அச்சாரி, மக்கேப், லாஃபர்ட்டி, ஷென். மக்கேப்பின் சம்பளத்தில் பாதியைச் சிக்காகோவின் தலையில் கட்டி 2 மில்லியனுக்கு வாங்கினார். அவர் 2024-25இலும் எங்கள் முதல் நாலு டிஃபென்ஸில் ஆடினார். அந்த வருடம் டாம்பாவை ஆறு ஆட்டத்தில் வீழ்த்தினோம். 2004க்குப் பிறகு முதல் தொடர் வெற்றி, அதுவும் டவாரஸின் ஓவர்டைம் கோலில். என் அப்பா அன்று இரவு கிங்ஸ்ரன் வீதியில் காரை ஓட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது சறம் மாற்றக்கூட இல்லை.

மிசிசாகா மாணிக்கம்:
ஒரு ரவுண்டுக்கு ஹாரன் அடித்த ஊர் நம் டொராண்டோ மட்டும்தான் இருக்கும்.

ஹாப்ஸ் ரசிகை:
ஹோர்ன் அடித்த அடுத்த தொடரில் புளோரிடா ஐந்து ஆட்டத்தில் அனுப்பியதையும் எழுதுங்கள். நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அதோடு 2020 பெப்ரவரியில் சம்போனி ஓட்டுகிற 42 வயது டேவிட் ஏயர்ஸ் கரோலைனாவுக்குக் கோலியாக நின்று உங்களைத் தோற்கடித்தார். 40 மில்லியன் டொலர் தாக்குதலுக்கு எதிரே ஐஸ் வழிக்கிறவர்.

மார்க்கம் வீதி:
இந்தப் பிள்ளையை யார் உள்ளே விட்டது?

தம்பி சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் பதில். சீசன் புள்ளி எல்லாம் சீசன் புள்ளி. 2021இல் மத்யூஸ் 52 ஆட்டத்தில் 41 கோல். மொன்றியலோடு ஏழு ஆட்டத்தில் ஒரு கோல். மார்னர் பூச்சியம். டவாரஸ் முதல் ஆட்டத்திலேயே தலையில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போனார், அது விதி. ஆனால் நாலு தூணில் ஒன்று விழுந்தவுடன் வீடு சரிகிறது என்றால், தூண் நாலு போதும் என்று வீட்டைக் கட்டியவர் யார்?

பனிச்சப்பாத்து:
அந்த ஏழாவது ஆட்டத்துக்கு 550 பேரைத்தான் உள்ளே விட்டார்கள், எல்லாரும் தடுப்பூசி போட்ட சுகாதாரப் பணியாளர்கள். எங்கள் ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து ஒரு பிலிப்பினோ அக்கா போனா. ஒன்றேகால் வருடமாக அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை, அங்கே போய் அழுதுவிட்டு வந்தேன் என்று சொன்னா. ஹொக்கிக்காகவா என்று நான் கேட்கவில்லை.

எண்சாத்திரி:
...

அதற்குமேல் எண் போட மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு எதிரான வாதம்தான்.

தொகையைப் பற்றி அண்ணையோடு இன்னும் ஒத்துக்கொள்ளமாட்டேன். வரிசையைப் பற்றி மாணிக்கத்தோடும் முழுக்க இல்லை. நான் டூபஸைக் குறை சொல்வது வருடக் கணக்குக்குத்தான். டிராஃப்ட் செய்த பிள்ளை ஏழு சீசன் முடியும்வரை கழகத்துக்குக் கட்டுப்பட்டவர், அதன் பிறகு சுதந்திரம். மத்யூஸும் மார்னரும் 2016இல் ஆடத் தொடங்கினார்கள், 2023இல் சுதந்திரம். மத்யூஸுக்கு ஐந்து வருடம் கொடுத்தால் 2024இல் முடிகிறது. அதாவது அவருடைய சுதந்திர வருடங்களில் ஒன்றைத்தான் வாங்கினார். மார்னருக்கு ஆறு, வாங்கியது இரண்டு. சுதந்திரச் சந்தை விலையைக் கொடுத்துவிட்டு, கட்டுப்பட்ட வருடங்களை வாங்கியிருக்கிறார். அந்த விலைக்கு எட்டு வருடம் கேட்டிருக்க வேண்டும். எட்டு இருந்தால் மார்னர் 2027 வரை இங்கே.

மார்க்கம் வீதி:
அதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்.

எண்சாத்திரி:
இல்லை அண்ணை, நீங்கள் விலை கூட என்றீர்கள். நான் விலைக்கு ஏற்ற சாமான் வாங்கவில்லை என்கிறேன்.

மார்க்கம் வீதி:
கடைக்குப் போய் வந்த என் மனைவி இரண்டையும் ஒரே வசனத்தில் சொல்லுவா.

மிசிசாகா மாணிக்கம்:
ஏஜென்ட்கள் எட்டுக்கு ஒத்துக்கொண்டிருப்பார்களா என்பது வேறு கேள்வி. உச்சவரம்பு ஏறும் என்று டூபஸ் நம்பினார் என்றால் ஏஜென்ட்களும் அதைத்தானே நம்பினார்கள்? ஏறும் சந்தையில் எவன் நீண்ட ஒப்பந்தம் போடுவான்? சீக்கிரம் முடித்துக்கொண்டு மறுபடி சந்தைக்கு வரத்தான் பார்ப்பான். மத்யூஸ் அதைத்தான் செய்தார்: 2023 ஆகஸ்டில் மறுபடி நாலே வருடம், 13.25.

இன்னும் ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. 2023 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து மத்யூஸுக்கும் மார்னருக்கும் அவர்கள் சம்மதம் இல்லாமல் எங்கேயும் அனுப்ப முடியாது என்ற நிபந்தனை அமலுக்கு வந்தது. அதற்கு முன், அந்த மே 19 அன்று கழகத் தலைவர் பிரெண்டன் ஷானஹான் டூபஸை அனுப்பினார். மே 31 ட்ரெலிவிங் வந்தார். ஜூன் 1 டூபஸ் பிட்ஸ்பர்க் போய்விட்டார். மார்னரை விற்க வேண்டும் என்றால் கடைசி ஜன்னல் அந்த ஒரு மாதம். வீட்டுச் சாவி கிடைத்த முதல் மாதமே யார் சுவரை இடிப்பார்கள்?

ஹாப்ஸ் ரசிகை:
டூபஸ் இருந்திருந்தால் இடித்திருப்பாரா?

எண்சாத்திரி:
போவதற்கு முன் கடைசியாகப் பத்திரிகையாளர் முன் உட்கார்ந்தபோது மாற்றம் பற்றிப் பேசினார். செய்திருப்பாரா என்பதற்கு என்னிடம் எண் இல்லை.

2025 மார்ச்சில் கரோலைனாவிடமிருந்து ரன்டனன் வருவதற்குப் பதிலாக அங்கே போக மார்னரிடம் சம்மதம் கேட்டதாகவும் அவர் மறுத்ததாகவும் செய்திகள் வந்தன. அண்ணை ஒப்பிட்ட அதே ரன்டனன். 2019இல் 9.25க்குக் கையெழுத்து வைத்தவர்.

மார்க்கம் வீதி:
அதைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை.

பனிச்சப்பாத்து:
வேறு ஒரு உதவி. மகனிடம் 16ஆம் இலக்க மார்னர் ஜெர்சி இருக்கிறது, நான் ஓவர்டைம் செய்து வாங்கிக் கொடுத்தது. 2025 மே மாதம் புளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் 6-1 என்று தோற்றபோது அரங்கில் ஆட்கள் ஜெர்சியைக் கழற்றி ஐஸில் எறிந்தார்களே, அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இவனும் கழற்றிக் குப்பைத்தொட்டிக்குள் போட்டான். நான் எடுத்துத் தோய்த்து வைத்திருக்கிறேன். பெயரையும் இலக்கத்தையும் பிரித்து வேறு தைத்துத் தரும் கடை யாருக்காவது தெரியுமா? எம்ப்ரொய்டரியைப் பிரித்தால் துணியில் தடம் நிற்குமோ?

எண்சாத்திரி:
தடம் நிற்கும் அக்கா. நீல நிறத்தில் கூடத் தெரியும். புது இலக்கத்தை அதற்கு மேலேயே தைத்தால் பெரும்பாலும் மறையும். 91 தைக்கச் சொல்லுங்கள். டவாரஸ் நாலு வருடத்துக்குக் கையெழுத்து வைத்திருக்கிறார், வருடத்துக்கு 4.38தான். 38 கோல் போட்ட சீசனுக்குப் பிறகு!

பனிச்சப்பாத்து:
அவனுக்கு 88 வேண்டுமாம். நீலாண்டர்.

மிசிசாகா மாணிக்கம்:
விவரமான பையன். முதல் சீசன் போக மிச்ச ஐந்து சீசனும் 6.96க்கு ஆடினார். அதில் கடைசி இரண்டு வருடமும் 40 கோல். நாலு பேரில் மலிவாக முடிந்தது அவர்தான்.

மார்க்கம் வீதி:
அந்தச் சனிக்கிழமை, 5 மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, நான் வேலைக் களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு நடுவில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி வந்ததும் டூபஸை நான் ஏசிய ஏச்சில் பக்கத்துக் ஃபோர்க்லிஃப்ட்காரன் திரும்பிப் பார்த்தான்.

தங்கச்சி, மார்க்கம்–எக்ளின்டன் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரர் இருக்கிறார். தனிமடலில் இலக்கம் அனுப்புகிறேன். முதலில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.